டோக்கன் கொடுத்த வீடு

நவம்பர் 1, 2025, சனி
ராஜ்யோத்சவம். பெங்களூரில் எங்கள் அல்சூர் முழுக்க சிவப்பு மஞ்சள் கொடி. பேங்க் லீவு. டோக்கன் அட்வான்ஸ் கொடுத்த வீட்டுக்குப் பேங்க் லோன் கேட்டிருக்கிறோம், பேங்க் வக்கீலின் லீகல் ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

நவம்பர் 3, திங்கள்
லீகல்காரர் 1994 பாகப்பிரிவினைப் பத்திரம் வேண்டும் என்கிறாராம். ஈ.சி.யில் (வில்லங்கச் சான்றிதழில்) என்ட்ரி இருக்கிறது, ஒரிஜினல் ஓனர் கையில் இல்லை. அண்ணன் வீட்டில் இருக்கும் என்கிறார். அக்ரிமென்ட் மாதக் கடைசி வரைதான். இப்போது இருக்கும் லீஸ் வீட்டின் சொந்தக்காரரும் காலி செய்து சாவி தருவது எப்போது என்று கேட்டுவிட்டார்.

நவம்பர் 5, புதன்
இவருக்கு ஒரு போன். ஏதோ பைனான்ஸ் கம்பெனி. வீட்டு விலை 58 லட்சமும் முழுதாகத் தருவார்களாம், சிபில் (பழைய கடன்களை வைத்துப் போடும் மதிப்பெண்) பார்க்க மாட்டார்களாம், இரண்டே நாளில் பணமாம். இவர் முகத்தில் ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவம்பர் 6, வியாழன்
வாட்ஸ்அப்பில் சாங்ஷன் லெட்டர் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பில் ரிசர்வ் வங்கிச் சின்னம். கீழே ஊதா ரவுண்ட் சீல். சீலும் கையெழுத்தும் ஒரே படமாக ஒட்டியிருக்கிறது, சுற்றிலும் வெள்ளைக் கட்டம் தெரிகிறது. இவர் பெயரிலேயே ஒரு எழுத்து தப்பு. ப்ராசஸிங் பீஸ் 18,500, ‘முழுவதும் ரீபண்ட்’. கட்டச் சொன்ன கணக்கு கம்பெனி பெயரில் இல்லை, யாரோ ஒருத்தருடைய சேவிங்ஸ் அக்கவுண்ட்.

ரிசர்வ் வங்கி தனி ஆளுக்குக் கடன் கொடுப்பதும் இல்லை, கடன் கடிதத்தில் முத்திரை வைப்பதும் இல்லை. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடன் வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் போட்ட விதி. முழு 58 எப்படி வரும்?

“பேங்க் மட்டும் பீஸ் வாங்கலையா?” என்றார் இவர். வாங்கினார்கள். பேங்கின் சொந்தக் கணக்கில் கட்டினோம், ஜி.எஸ்.டி. தனியாகப் போட்டு ரசீது கொடுத்தார்கள்.

நவம்பர் 7, வெள்ளி
ராத்திரி தூக்கம் இல்லை. திரும்பத் திரும்ப ஒன்றே தோன்றுகிறது: அந்த ஆள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேங்க்காரர்கள் தாய்ப் பத்திரம், காத்தா (மாநகராட்சிச் சொத்துப் பதிவு), வரி ரசீது, ஈ.சி. என்று உயிரை எடுக்கிறார்கள். என்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். வீட்டை அடமானமாகப் பிடிக்கப் போகிறவன் அதைத்தானே முதலில் பார்ப்பான்? இவன் கேட்டது ஆதார், பான், பாஸ்புக் போட்டோ, 18,500. கொடுக்கப் போகிற பணம் இருந்தால் அல்லவா திரும்பி வருமா என்ற கவலை வரும்!

நவம்பர் 8, சனி
நாலு மணிக்குள் கட்டாவிட்டால் பைல் கேன்சலாம். பீஸை லோனிலேயே கழித்துக்கொள்ளச் சொன்னேன். ‘சிஸ்டம்ல ஆப்ஷன் இல்ல மேடம்.’ கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் அனுப்பச் சொன்னேன். 2024 அக்டோபர் 1 முதல் வட்டி, கட்டணம் எல்லாம் எழுதி அந்தத் தாளைக் கட்டாயம் தர வேண்டும். லைன் கட்.

அத்தைக்கு என் மேல் கோபம். வந்த லட்சுமியை விரட்டினேனாம்.

நவம்பர் 10, திங்கள்
ரிசர்வ் வங்கி தளத்தில் என்.பி.எஃப்.சி. (வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள்) பட்டியலைப் பார்த்தேன். அதே பெயரில் கம்பெனி இருக்கிறது, வேறு ஊரில். அங்கிருந்த நம்பருக்கே பேசினேன். பெங்களூரில் கிளையே இல்லையாம், அப்படி யாரும் எங்கள் ஆள் இல்லை என்றார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்: அவர் தம்பியிடம் முதலில் பீஸ், அப்புறம் இன்சூரன்ஸ், அப்புறம் டி.டி.எஸ்., கடைசியில் என்.ஓ.சி. என்று வாங்கினார்களாம். கட்டினதைக் கைவிட மனசு வராமலே மேலும் மேலும் கட்டியிருக்கிறான்.

நவம்பர் 11, செவ்வாய்
இவர் இன்னும் அந்த நம்பரை பிளாக் செய்யவில்லை.

நவம்பர் 13, வியாழன்
செய்துவிட்டார். அதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சைபர் கிரைம் போர்ட்டலிலும் ரிசர்வ் வங்கியின் சச்சேத் புகார் தளத்திலும் புகார் பதிந்தோம். பணம் போயிருந்தால் உடனே 1930, சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். ஆதார், பான் போட்டோ போய்விட்டதே என்பதுதான் பயம். ஆதார் பயோமெட்ரிக்கை லாக் செய்தாயிற்று. அவர் பெயரில் யாராவது கடன் எடுக்கிறார்களா என்று சிபில் ரிப்போர்ட்டை இனி அடிக்கடி பார்க்க வேண்டும்.

நவம்பர் 15, சனி
ஓனர் போன் எடுக்கவில்லை. சப் ரிஜிஸ்டிரார் ஆபீசில் சர்டிஃபைடு காப்பி வாங்கினால் போதுமா என்று லீகல்காரரிடம் திங்கட்கிழமை கேட்க வேண்டும். நாளைக் காலையில் கே.ஆர். புரம் போய் ஓனரை நேரில் பிடிக்கப் பார்க்கிறோம்.