நூற்றுக்கு 83 பைசா

2025 ஜூலை கடைசியில் தங்கைக்குக் கவுன்சலிங்கில் கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. சந்தோஷம்தான். ஆனால் எங்கள் வீட்டில் படிப்புச் செலவு என்றாலே 2013 ஞாபகம் வந்துவிடும். அந்த வருஷம் என்னைப் படிக்க வைக்க அப்பா ஒருவரிடம் மாசம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குப் பணம் வாங்கினார். அடைத்து முடிக்க ஏழு வருஷம் ஆனது. அப்பாவுக்கு ரப்பர் பால் வெட்டும் வேலை, கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் வெட்டு கிடையாது. கல்லூரிகள் பணம் கேட்பதும் அந்த நேரத்தில்தான்.

நான் இப்போது திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். விவரம் தெரிந்தவன் என்ற நினைப்பில் சனிக்கிழமை லேப்டாப்போடு வீட்டுக்குப் போனேன். எக்செல் போட்டு, வருஷவாரியாகப் பிரித்து, வண்ணம் எல்லாம் அடித்து வைத்திருந்தேன். அப்பா பத்து நிமிஷம் பொறுமையாகப் பார்த்தார். "இதொண்ணும் எனக்கு மனசிலாவல்ல மக்கா. நூத்துக்கு எவ்வளவு? அதச் சொல்லு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. ஒட்டுப்பால் (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர்) எடையில் அம்பது கிராம் குறைந்தால் கண்டுபிடிக்கிற ஆள். வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று அவர் வாழ்க்கையில் யாரும் அவரிடம் வட்டி சொன்னதில்லை, அவ்வளவுதான். வங்கியில் கல்விக் கடனுக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். நூறு ரூபாய்க்கு வருஷத்துக்குப் பத்து ரூபாய் என்றால் மாசத்துக்கு 83 பைசா. சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு ரூவா கூட இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டார். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம்.

முதலில் கட்டணம். கல்விக் கட்டணம் 55,000. தனியார் கல்லூரிகளில் அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்குக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால் அரசின் கட்டணக் குழு 2017இல் வைத்த தொகை அது. அம்மா அந்த 55,000த்தை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டு நாலு வருஷத்துக்கு 2,20,000 என்று கணக்குப் போட்டிருந்தார். விடுதி, சாப்பாடு 80,000. தேர்வுக் கட்டணம், புத்தகம், போக்குவரத்து எல்லாம் சேர்த்து 25,000. ஆக வருஷத்துக்கு 1,60,000. நாலு வருஷத்துக்கு 6,40,000. அம்மா கொஞ்ச நேரம் அடுக்களைப் பக்கம் போய்விட்டு வந்தார்.

இதற்கு ஒரு மாதம் முன்பே சொந்தக்கார மாமா ஒருவர், "கவுன்சலிங்க நம்பிட்டிருந்தா நல்ல காலேஜ் கிட்டாது, மேனேஜ்மென்ட்ல இப்பவே பிடிச்சிரு" என்று அப்பாவை அசைத்துப் பார்த்திருந்தார். அதே படிப்புக்கு நிர்வாக ஒதுக்கீட்டில் அரசு வைத்த உச்சவரம்பே வருஷத்துக்கு 87,000. அதற்கு மேல் ரசீது இல்லாமல் வாங்குவது தனி. அந்த மாமாவுக்கு அதில் என்ன கிடைக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அடுத்தது சலுகைகள். முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமே என்று அம்மா ஆசையாகக் கேட்டார். குடும்பத்தில் ஏற்கெனவே பட்டதாரி இருந்தால் கிடைக்காது. எங்கள் வீட்டில் அதைத் தின்றது நான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் கட்டணமே அரசு கட்டியிருக்கும். ஆனால் அவள் படித்தது உதவி பெறும் பள்ளி. எங்கள் மாவட்டத்தில் பாதிப் பேர் கதை இதுதான். வீட்டுக்குப் பக்கத்தில் சர்ச் நடத்தும் பள்ளி இருக்கும், அங்கேதான் சேர்ப்பார்கள். நல்லவேளை, தமிழ் வழியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. உதவி பெறும் பள்ளிகளுக்கு அதை விரிவாக்கியது 2024 டிசம்பரில்தான்.

சரி, கடன். இங்கேதான் இரண்டு பேருக்கும் பயம். அப்பாவுக்கு எட்டு சென்ட் வீட்டுப் பத்திரம் போய்விடுமோ என்று. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பதைப் புரிய வைக்க ஒரு முழு சாயங்காலம் ஆனது. அம்மாவின் பயம் வேறு. கடன் தங்கை பேரிலும் அப்பா பேரிலும் சேர்ந்து இருக்கும் என்றதும், "கடனோட நிக்கிற பிள்ளைய எவன் கெட்டுவான்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தங்கைதான் சொன்னாள், "வேலையோட நிக்கும்போ கேக்கச் சொல்லும்மா."

வருமானச் சான்றிதழ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. வருமானம் குறைவாக இருந்தால் வங்கியில் கடன் தரமாட்டான் என்று நினைத்து, கொஞ்சம் கூட்டி எழுதச் சொல்லலாமா என்று அப்பா கேட்டார். நேர்மாறு. பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்பாக இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் வட்டியை மத்திய அரசு கட்டும். இதன் மதிப்பைக் காலண்டர் தாளில் போட்டுக் காட்டினேன். ஆறு லட்சம் கடன் என்றால் மொத்தமாக வராது; வருஷத்துக்கு ஒன்றரை லட்சமாக வரும். முதல் ஒன்றரைக்கு ஐந்து வருஷ வட்டி, அடுத்ததற்கு நாலு, மூன்று, இரண்டு. 10 சதவீதத்தில் கூட்டினால் 2,10,000. மானியம் இல்லை என்றால் இது நம் தலையில். படிப்பைப் பாதியில் விட்டாலும் மானியம் போகும்.

தவணை எப்போது தொடங்கும் என்று அப்பா கேட்டார். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்து. அதை 15 வருஷம் வரை கட்டலாம். ஆறு லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைத்தால் மாதம் 7,900 சொச்சம் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "ரப்பரும் அப்படித்தான. நட்டு ஏழு வருஷம் ஒரு சொட்டு பால் கிட்டாது. களை வெட்டு செலவு மட்டும் இருக்கும். அந்தக் களை வெட்டு காச கவருமென்டு தருதுன்னு சொல்லுத, அப்பிடித்தான?" அப்படித்தான் என்றேன். என் எக்செலில் இது இல்லை.

பேப்பர் வேலை தனிக் கதை. அப்பாவிடம் பான் கார்டு இல்லை. ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகப் பத்து நிமிஷத்தில் எடுக்கலாம், ஆனால் ஆதாரில் இருந்தது எப்போதோ தொலைந்த சிம் நம்பர். அதை மாற்றவே தக்கலைக்கு இரண்டு நடை. அம்மாவைக் கடனில் சேர்க்கலாம் என்று பார்த்தால், குழுக்கடனில் இரண்டு தவணை தாமதம் சிபிலில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினோம் என்று காட்டும் அறிக்கையில், நின்றது. அந்த அறிக்கையை வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாக எடுக்கலாம். வங்கிக்குப் போகும் முன் எடுத்துப் பார்த்தது நல்லதாய்ப் போனது.

முதலில் போன வங்கிக் கிளையில், "உங்க ஊரு எங்க ஏரியால வராது" என்றார்கள். அப்புறம், "ஒரு லட்சம் டெபாசிட் போட முடியுமா?" ஒரு லட்சம் இருந்தால் ஏன் இங்கே வருகிறோம்? நான் சண்டை போடவில்லை. கல்விக் கடனுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி தளத்தில் பதிவு செய்து, விண்ணப்ப எண்ணோடு போய், தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் இழுத்தார்கள். அதற்குள் வேறொரு வங்கியின் கிளையிலிருந்து கூப்பிட்டார்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டு, மாவட்டத்தில் வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பார்ப்பதாக இருந்தேன்.

பணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்குப் போனது அப்பாவுக்கு ஏமாற்றம். கையில் ஒரு தடவை வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். டிசம்பரில் அம்மா போன் போட்டார், பாஸ்புக்கில் வட்டி ஏறியிருக்கிறது, அரசு கட்டும் என்றாயே என்று. வங்கி முதலில் வட்டியைக் கணக்கில் ஏற்றும், மானியம் பின்னால்தான் வந்து சேரும் என்பதை நான் சொல்ல மறந்திருந்தேன். அந்த ஒரு வரியைச் சொல்லாததற்கு மூன்று நாள் தூக்கம் போனது அவருக்கு.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, அப்பாவோடு வெட்டுக்குப் போகிறவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிளஸ் டூ படிக்கிறான். நான் பேச வாயெடுப்பதற்குள் அப்பா கேட்டார்: "உனக்க மூத்தவன் டிகிரி முடிச்சானா, இல்ல பாதியில விட்டானா?"