24 மணி நேரக் கெடு

காரைக்குடிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ அறை நர்ஸ் நான். பிறந்த குழந்தைக்குக் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, ஹெபடைட்டிஸ் பி ஊசி மூன்றும் போட வேண்டும். முதல் இரண்டும் கொஞ்சம் தள்ளிப் போனாலும் சமாளிக்கலாம். மூன்றாவதற்குத்தான் கெடு: 24 மணி நேரம்.

தாயின் ரத்தத்தில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தால், பெரும்பாலும் பிரசவ நேரத்தில்தான் குழந்தைக்குத் தொற்றுகிறது. பெரியவர்களுக்கு வந்தால் அநேகமாகத் தானே போய்விடும். பிறக்கும்போதே தொற்றினால் 100க்கு 90 குழந்தைகளிடம் நிரந்தரமாகத் தங்கிவிடும். கல்லீரல் கெடுவது பல வருடம் கழித்துத்தான் தெரியும்.

“ஏத்தா, இன்னும் கண்ணே முழிக்கல. பச்ச மண்ணுக்கு ஊசியா?” என்பார்கள் வீட்டுப் பாட்டிமார். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வந்திருப்பாள், பேச்செல்லாம் அவர்கள் பேச்சுதான். வைரஸ் என்று ஆரம்பித்தால் வேலைக்காகாது. “மஞ்சக்காமாலை வந்து ஈரலைத் தின்னுடக் கூடாதுல்ல ஆச்சி” என்பேன். கீழாநெல்லி அரைத்துக் குடித்தும் பிழைக்காத ஒருவர் கதை எந்த வீட்டிலும் இருக்கும். அப்புறம் அவர்களே குழந்தையின் காலைப் பிடித்துக்கொள்வார்கள். தொடையின் வெளிப்பக்கம், அரை மில்லி. ஒரு வீறல், அவ்வளவுதான்.

1981இல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பூசியைத் தொற்றுள்ளவர்களின் ரத்தத்திலிருந்தே தயாரித்தார்கள். 1986இல் ரத்தம் இல்லாமல், ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைக் கொண்டு தயாரிக்கும் முறை வந்தது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997இல் அதை இங்கேயே தயாரித்ததும் விலை இறங்கியது. இத்தனை பேர் உழைப்பும் எங்கள் ஐஸ் பெட்டியில் வீணாகலாம். இந்த மருந்து உறைந்தால் கெட்டுவிடும். ஐஸ் பேக்கைக் குலுக்கி, உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் அடுக்குவேன்.

ஒரே ஒரு குழந்தைக்காகப் பத்து டோஸ் குப்பியை உடைப்பதா என்ற தயக்கம் சிலருக்கு உண்டு. முறையாக வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். தாயிடமிருந்து சிசுவுக்குப் போகும் சைட்டோமெகலோ வைரஸுக்கு இன்னும் தடுப்பூசியே இல்லை. இருப்பதையும் நேரத்துக்குப் போடாமல் விட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

தனியார் மருத்துவமனை ஒன்றில் பிறந்து, ஆறாவது வாரம் எங்களிடம் வரும் சில குழந்தைகளின் தடுப்பூசி அட்டையில் இந்த ஊசிக்கான கட்டம் காலியாக இருக்கும். ஹெபடைட்டிஸ் பி மருந்தும் சேர்ந்த பென்டா ஊசியை அப்போது போடலாம்; பிறந்த அன்று விட்டதை இனிப் போட முடியாது. அதனால் ஏழாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கே பிரசவம் பார்த்தாலும் சரி, வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் அந்தக் கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.