சலவை இயந்திரம் ஓடும் 38 நிமிடங்கள்

வெளிநாட்டுக்குப் படிக்க வந்த முதல் வாரத்தில் மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டேன். ஒன்று அறை வாடகைக்கு, ஒன்று வங்கிக் கணக்குக்கு, மூன்றாவது ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு. முதல் இரண்டையும் வரிக்கு வரி படித்தேன். மூன்றாவதைப் படிக்கவே இல்லை. புது ஊர், புது வாழ்க்கை, இனி புது உடம்பு என்று மனத்துக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. அது 12 மாத ஒப்பந்தம் என்பதும், நடுவில் விலகினாலும் மீதி மாதங்களுக்குப் பணம் கட்டியாக வேண்டும் என்பதும் மூன்றாம் மாதம் விலகப் போனபோதுதான் தெரிந்தது.

அந்த வருடம் முழுவதும் 11 முறை போயிருக்கிறேன். கட்டிய தொகையை 11-ஆல் வகுத்துப் பார்த்தேன். ஒரு முறைக்கு ஏறக்குறைய ஒரு வார மளிகைச் செலவு. அதில் இரண்டு முறை என் அறையில் வெந்நீர் வரவில்லை என்று குளிப்பதற்காக மட்டும் போனவை.

எட்டாவது மாதத்தில் இன்னோர் அடி. கல்விக் கட்டண ரசீதை வேறொரு காரணத்துக்காகப் பிரித்துப் பார்த்தால், அதில் விளையாட்டு வசதிகளுக்கென்று ஒரு சிறு தொகை. விசாரித்தேன். பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கை மாணவர்கள் காலை 10 மணி வரை இலவசமாகப் பயன்படுத்தலாமாம். கதவில் அறிவிப்பே ஒட்டியிருந்தது. அந்தக் கதவைத் தினமும் கடந்துதான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். புதிதாக வருகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால் இதைத்தான் முதலில் சொல்கிறேன்: எங்கேயும் காசு கட்டுவதற்கு முன்னால் ஏற்கெனவே எதற்கெல்லாம் கட்டியிருக்கிறோம் என்று ரசீதைப் படியுங்கள்.

இரண்டாம் வருடம் உடற்பயிற்சிக்கு ஒதுக்கிய தொகை பூஜ்யம். வைராக்கியத்துடன் தொடங்கினேன். ஐந்தரை மணிக்கு எழுவது, அரை மணி நேரம் ஓடுவது, எல்லாவற்றையும் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டுவது. ஒன்பது நாள் நடந்தது. பத்தாம் நாள் ஒரு கட்டுரையைச் சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. விடிய விடிய உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தாள் சுவரில் இருந்தது, நான் படுக்கையில் இருந்தேன்.

என்னைக் கடைசியில் அசைத்தது வைராக்கியம் இல்லை, அழுக்குத் துணி.

எங்கள் விடுதியில் சலவை இயந்திரங்கள் கீழ்த்தளத்துக்கும் கீழே, நிலவறையில் இருக்கின்றன. மொத்தம் இரண்டுதான். இயந்திரம் நின்ற இரண்டாவது நிமிடம் நாம் அங்கே இல்லையென்றால், அடுத்து வருகிறவர் நம் ஈரத் துணியை அள்ளி மேலே குவித்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டுவிடுவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது, நானும் செய்திருக்கிறேன். ஆகையால் அந்த 38 நிமிடமும் கட்டடத்தை விட்டு வெளியே போக முடியாது. நிலவறையில் தொலைபேசி இணைப்பும் கிடைக்காது. என் அறை ஐந்தாம் மாடியில். ஒரு மாடிக்கு 18 படி, நிலவறையையும் சேர்த்தால் 108.

ஒருநாள் சோப்புத்தூளை மறந்துவிட்டு மேலே ஓடினேன். பிறகு சில்லறையை மறந்து இன்னொரு முறை. மூச்சு இரைக்க நிலவறைச் சுவரில் சாய்ந்தபோது, இதையே வேண்டுமென்று செய்தால் என்ன என்று தோன்றியது. அன்றே இன்னும் ஒரு முறை ஏறினேன். அதற்கு மேல் முடியவில்லை. மறுநாள் தொடை இரண்டும் கல்லாக இருந்தன. வலி தந்தது ஏற்றம் அல்ல, இறக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அந்த வேலைக்குப் பழகாத தசைதான் இரண்டு மூன்று நாள் முனகுகிறது. நான்கு வாரத்தில் முனகல் நின்றது. இப்போது ஒரு சலவைக்கு ஆறு முறை ஏறுகிறேன், 648 படி.

இந்த எண்ணை நினைத்து ஒரு நாள் நூலகத்தில் தனியாகச் சிரித்தேன். பொதுச் சுகாதாரப் பாடத்துக்காக பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸின் ஆய்வைப் படித்துக்கொண்டிருந்தேன். 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. லண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநரையும் நடத்துநரையும் ஒப்பிட்டார்கள். ஒரே பேருந்து, ஒரே நகரம், ஏறக்குறைய ஒரே மாதிரியான குடும்பச் சூழல். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குகிறார், நாளொன்றுக்குச் சுமார் 600 படி. மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது. பிறகு மாரிஸே இன்னொரு சந்தேகத்தைக் கிளப்பிச் சீருடைப் பதிவேடுகளைத் தோண்டினார்: ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவு முதலிலிருந்தே பெரிதாக இருந்தது. அப்படியானால் வேலைதான் காரணமா, ஆள்தான் காரணமா? தன் முடிவைத் தானே குடைந்து பார்க்கும் அந்த நேர்மை எனக்குப் படிகளைவிடப் பிடித்திருந்தது. தபால்காரர்களையும் அவர் விடவில்லை. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களை, மேசையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களோடு ஒப்பிட்டார். அங்கேயும் நடந்தவர்களே பிழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு அதில் உறைத்தது வேறு. அந்த நடத்துநர்கள் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. ஒருவர்கூடக் காலையில் எழுந்து 'இன்று படி ஏற வேண்டும்' என்று உறுதிமொழி எடுக்கவில்லை. டிக்கெட் கொடுக்க ஏறினார்கள், அவ்வளவுதான். என் சுவரில் ஒட்டிய கட்டங்கள் எல்லாம் ஏன் தோற்றன, அழுக்குத் துணி ஏன் வென்றது என்று அன்றைக்குப் புரிந்தது. எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலையின் முதுகில் பயிற்சியை ஏற்றிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அப்படிப்பட்ட வேலைகளைத் தேட ஆரம்பித்தேன். முதலில் மாட்டியது போக்குவரத்து. மாதாந்திர பஸ் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டேன். வகுப்புக்கு நடை 25 நிமிடம், போக வர 50, வாரத்துக்கு 250. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு போதும். 2010-இல் வந்த வழிகாட்டுதலில், ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று இருந்தது. 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வகுப்புக்கு ஓடிய நான்கு நிமிடமும் இப்போது கணக்கில் சேரும். மிதமான உழைப்பு என்றால் என்ன என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்ற கணக்கை இப்போது நான் வைத்துக்கொள்வதில்லை. அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடையளவிக் கருவியின் பெயரிலிருந்து பரவியது. பெயருக்கே 'பத்தாயிரம் காலடி அளவி' என்றுதான் பொருள். விற்பவர் தேர்ந்தெடுத்த முழு எண்ணுக்காக இரவு 11 மணிக்கு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்த நாட்கள் என் முதல் வருடத்தில் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பையும் நடைக்கு மாற்றினேன். வீட்டுக்குப் பேசினால் 40 நிமிடத்துக்குக் குறையாது. முதல் வாரம் அம்மா பதறிவிட்டார்.

"என்னம்மா, இப்படி மூச்சு வாங்குகிறதே, உடம்புக்கு என்ன?"

"ஒன்றும் இல்லை அம்மா, மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறேன்."

"பேசி முடித்துவிட்டு ஏறினால் ஆகாதா?"

ஆகாது. பேசி முடித்துவிட்டால் ஏற மாட்டேன்.

நடையும் படியும் மூச்சுக்கும் காலுக்கும் சரி. கைக்கும் முதுகுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் வேண்டும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஒன்றரை லிட்டர் புட்டிகள் நான்கைத் தோள்பையில் வைத்தால் ஆறு கிலோ. அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுகிறேன். எளிதாகிவிட்டால் இன்னும் அரை லிட்டர். கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கித் தூக்கி, அது காளையானபோதும் தூக்கினான் என்று பழைய கிரேக்க மல்லன் மைலோவைப் பற்றி ஒரு கதை உண்டே, அதே வித்தைதான். தண்டால் தரையில் எடுக்க முடியாதவர்கள் மேசை விளிம்பில் கை ஊன்றித் தொடங்கலாம். தரைத் தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கை ஊன்றும் இடம் உயர உயரப் பாரம் குறையும். நான் ஜன்னல் திண்டில் ஆரம்பித்து, நாற்காலிக்கு இறங்கி, தரைக்கு வர நான்கு மாதம் ஆனது.

இழுக்கும் பயிற்சிதான் சிக்கல். தள்ளுவதற்குத் தரை போதும், இழுப்பதற்கு எதையாவது பிடித்தாக வேண்டும். அறையில் இருந்த எழுதுமேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து, விளிம்பைப் பிடித்து நெஞ்சை மேலே இழுக்கலாம் என்று எங்கோ படித்தேன். உறுதியான மேசை என்றால் அது நல்ல பயிற்சியாக இருக்கலாம். விடுதி மேசைகள் மரத்தூளை அழுத்திச் செய்தவை. ஏழாவது இழுப்பில் மேசையின் ஒரு காலும் நானும் தனியாக வந்தோம். முன்பணத்தில் அதற்குப் பிடித்துக்கொண்டார்கள். இலவச உடற்பயிற்சிக்கு நான் கொடுத்த மிகப் பெரிய விலை அது. இப்போது பூங்காவில் குழந்தைகள் தொங்கும் கம்பியில் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொங்குகிறேன். முதல் நாள் 12 விநாடி.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. காலணியில் நான் அதைத் தாண்டிவிட்டேன். தட்டையான துணிக் காலணியோடு, எடுத்த எடுப்பில் தினமும் தார்ச்சாலையில் ஓடியதில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி பிடித்தது. மூன்று வாரம் நொண்டினேன். மாணவர் காப்பீட்டில் இயன்முறை மருத்துவம் சேருமா என்று அப்போதுதான் படித்தேன், என்னுடையதில் சேராது. மருத்துவரிடம் ஒரே ஒரு முறை போன செலவில் நல்ல காலணி வாங்கியிருக்கலாம். காலணி மட்டும் குற்றவாளி இல்லை, அவசரமும்தான். எலும்புக்குப் பழக நாள் கொடுக்காமல் ஓடினேன். பஸ் அட்டையில் மிச்சம் பிடித்ததை எடுத்து ஒரு ஜோடி வாங்கி, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மறுபடி ஆரம்பித்தேன்.

உள்ளரங்குக்கு இப்போதும் எப்போதாவது காலையில் போகிறேன். அங்கே வெந்நீர் நன்றாக வருகிறது.

படிக்கட்டில் நான் கடக்கும் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் பல வாரமாக என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். போன செவ்வாய்க்கிழமை ஐந்தாவது முறை ஏறும்போது கதவைத் திறந்து நிறுத்தினார்.

"ஏதாவது தொலைந்துவிட்டதா? தேடித் தரட்டுமா?"

துணி துவைக்கிறேன் என்றேன். அவர் என் வெறும் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை, இயந்திரம் நிற்க ஆறு நிமிடம்தான் இருந்தது.