பழைய வீணை தேறுமா?

பரணிலிருந்து இறக்கிய தஞ்சாவூர் வீணையில் முதலில் கண்ணில் படுவது மெட்டுகளை, அதாவது சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கம்பிகளை, பதித்திருக்கும் மெழுகுதான். வெடித்திருக்கும், நாலைந்து மெட்டுகள் கழன்றிருக்கும், தந்தி துருவேறியிருக்கும். இதைப் பார்த்து 'தேறாது' என்று தள்ளிவிடாதீர்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் சேர்ந்த அந்தக் கலவை நாளாக நாளாக விரிசல் விடும். தினமும் வாசிக்கிற வீணைக்கே சில வருடங்களுக்கு ஒருமுறை மேளம் கட்டித்தான், அதாவது மெட்டுகளைச் சுருதிப்படி மறுபடி பதித்துத்தான், ஆகவேண்டும். 24 மெட்டுகளையும் பிடுங்கிப் புது மெழுகில் பதிப்பது ஆசாரிக்கு வழக்கமான வேலை. பிரடை (தந்தியை முறுக்கும் பிடி) நழுவுவதும் கழுத்துக்கு அடியில் இருக்கும் சுரைக்காய் உடைந்திருப்பதும் அப்படித்தான்.

பார்க்கவேண்டியது வீணையைச் செய்திருக்கும் பலாமரத்தை. தந்திகளைத் தளர்த்துமுன் அவற்றைத் தாங்கும் குதிரையின் கால்கள் நிற்கும் இடத்தைக் குடத்தின் (உருண்டைப் பகுதியின்) மேல்பலகையில் பென்சிலால் குறித்துவிடுங்கள். இழுப்பு போனதும் குதிரை நகரும். இடம் மாறினால் 12ஆம் மெட்டில் மேல் ஸட்ஜம் சேராது.

பிறகு தண்டியின் (வீணையின் நீண்ட கழுத்தின்) மேல் விளிம்பை ஒட்டி ஒரு நூலை விறைப்பாகப் பிடியுங்கள். சீரான சிறு வளைவு இருந்தால் கவலையில்லை, மெழுகின் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டிவிடலாம். குடத்தோடு சேரும் இடத்தில் மட்டும் மடங்கியதுபோல் தெரிந்தால் ஒட்டு விட்டிருக்கிறது. அலங்காரப் பட்டை அந்த மூட்டை மறைத்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையில் மரத்தின் ரேகை தண்டியிலிருந்து குடத்துக்கு அறுபடாமல் ஓடும், இந்த ஒட்டுப் பிரச்சினையே அதில் கிடையாது.

சந்தேகம் தீரவில்லையா? புதுத் தந்தி கட்டி, முதலில் சாரணியை, அதாவது வாசிக்கும் முதல் தந்தியை, சுருதி சேர்த்துவிடுங்கள். பிரடையிலும் அதன் துளை ஓரத்திலும் நேருக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு மற்ற ஆறு தந்திகளையும் முறுக்குங்கள். புதுத் தந்தி கொஞ்சம் நீளத்தான் செய்யும், அதனால் மறுநாளும் ஒருமுறை செய்து பாருங்கள். கோடு விலகாமலே சாரணி மறுபடி மறுபடி இறங்கினால் மரம்தான் இழுப்புக்கு இணங்கிக் கொடுக்கிறது. பெரிய செலவு வைப்பது இதுதான்.

பூச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கறுப்புத் துணி போதும். வீணையை ஒரு வாரம் அதன்மேல் வைத்திருங்கள். வெளிர் மரத்தூள் உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை ஒழிக்காமல் வேறு எந்த வேலையும் வேண்டாம். குடத்தின் மேல்பலகையை விரல் முட்டியால் தட்டும்போது கரகரத்தால் விரிசலோ விட்டுப்போன ஓரமோ இருக்கும், ஒட்டிவிடலாம். குதிரைக்கடியில் பலகை அமுங்கியிருந்தால் பலகையையே மாற்றவேண்டும். அதன்பின் கேட்பது பழைய நாதமாக இருக்காது.

தந்தப் பூவேலை இருக்கிறதே, விற்றால் நல்ல விலை போகும் என்று கணக்குப் போடவேண்டாம். யானைத் தந்த வியாபாரத்துக்கு இந்தியாவில் தடை.

பட்டறைக்கு அனுப்பும்போது இரண்டு விஷயம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மேல்பலகையில் கெட்டியாக வார்னிஷ் பூசக்கூடாது, அது அதிர்வை அமுக்கிவிடும். குதிரைமேல் இருக்கும் பழைய தகட்டைத் தூக்கி எறியக்கூடாது. ரீங்காரம் அந்தத் தகட்டின் மெல்லிய வளைவில்தான் இருக்கிறது. தந்தி அறுத்த பள்ளத்தை மட்டும் அரத்தால் லேசாகச் சமன்செய்து, கேட்டுப் பார்த்த பிறகே புதுத் தகடு பற்றிப் பேசுங்கள்.