பூர்ணம் விஸ்வநாதன்

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'வறுமையின் நிறம் சிவப்பு' ஓடிக்கொண்டிருந்தது. 1980 படம். மகன் சலூனில் வேலை பார்ப்பதை அப்பா நேரில் பார்க்கிற அந்தக் காட்சி வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எதிரில் நிற்பது கமல். ஆனால் என் கண் முழுக்க அந்த அப்பா மேலேயே இருந்தது.

பூர்ணம் விஸ்வநாதன். அந்தக் குரலுக்கு ஒரு கதை உண்டு. டெல்லி வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். 1947 ஆகஸ்ட் 15 அன்று நாடு விடுதலை அடைந்த செய்தியைத் தமிழில் வாசித்த குரல் அதுதான். என் தாத்தா தலைமுறைக்கு முகத்துக்கு முன்னாலேயே குரல் பழக்கம்.

சினிமாவில் அப்பா, டாக்டர், மேனேஜர் என்று அடக்கமான வேடங்களே அதிகம் கிடைத்தன. சரி, சினிமா அப்படித்தான். மேடையில் அவர் வேறு ஆள். எழுத்தாளர் சுஜாதாவின் நாடகங்களைத் தன் குழுவோடு தொடர்ந்து போட்டார். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்தில் ரிட்டையரான சீனிவாசன். எதிர்காலத்திலிருந்து வந்த ஒருவன் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவான். வீட்டில் எல்லோரும் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள். கொஞ்சம் மிகையாகப் போனாலும் கோமாளித்தனமாகிவிடும் வேடம்.

நான் அதை மேடையில் பார்த்ததில்லை. புத்தகமாகத்தான் படித்தேன். ஆனால் சீனிவாசன் பேசுகிற ஒவ்வொரு வரியும் எனக்கு அவர் குரலில்தான் கேட்டது. 2008-ல் போய்விட்டார்.

மேடையில் பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் ரெண்டு வரி எழுதுங்களேன்.