மணி அடித்தால் கை நிற்க வேண்டும்: குரிசுமலை ஆசிரமத்துக்குப் போய் வந்த கதை

கேரளத்து இடுக்கி மலையில் இருக்கிற வாகமண் என்றால் நம்ம கம்பம், தேனி பக்கத்து ஆட்களுக்கு மொட்டைக் குன்று, பைன் காடு, நாலு போட்டோ. காலையில் வேன் பிடித்துப் போய், சாயங்காலம் குமுளியில் இறங்கி நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வீடு. அந்தப் புல்வெளிகளை ஒட்டி 1958-லிருந்து ஒரு துறவு மடம் இருக்கிறது, காவி உடுத்தி வெறுங்காலோடு நடக்கிற கத்தோலிக்கத் துறவிகள் அங்கே மாடு வளர்க்கிறார்கள் என்று சொன்னால், "அப்படியா, எந்த இடத்துல?" என்கிறார்கள். அந்தக் குரிசுமலை ஆசிரமத்துக்கு நண்பனோடு போய், நேற்று ராத்திரிதான் திரும்பினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். கம்பத்திலிருந்து குமுளி வரை நம்ம பஸ். லோயர் கேம்ப் தாண்டினால் வளைவுக்கு வளைவு, மலையிலிருந்து இறங்கும் ராட்சசக் குழாய்கள், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர். அதைப் பார்க்கும்போது மனசுக்குள் அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு ஒரு கும்பிடு போடாமல் இந்தப் பள்ளத்தாக்குக்காரன் எவனும் மேலே போக மாட்டான். குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, பீர்மேடு, ஏலப்பாறை வரை எந்தக் குறையும் இல்லை. ஏலப்பாறையில் இறங்கியதும் ஒரு ஜீப்காரர் பிடித்துக்கொண்டார். வாகமணுக்குப் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். தொள்ளாயிரம் கேட்டார். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறி, "நம்ம ஊர்க்காரங்கன்னுதான் கம்மியா சொல்றேன் சார், பஸ் எல்லாம் போயிருச்சு" என்றார். பையில் இருந்ததே மொத்தம் மூவாயிரம். நண்பன் ஏறுவதற்குக் காலைத் தூக்கிவிட்டான். பின்னாலிருந்து ஒரு அம்மா, "தம்பி, அதுல ஏறாதீங்க. பஸ் இப்ப வந்துரும். நானும் அதுக்குத்தான் நிக்கிறேன்" என்றார். ஜீப்காரர் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே! பத்து நிமிஷத்தில் பஸ் வந்தது. பிழைக்க வந்த இடத்தில் சொந்த பாஷையைத் தூண்டிலாகப் போடுகிற இந்தப் புத்தி எனக்கு அறவே பிடிக்காது.

அந்த அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். அவருடைய பாட்டி காலத்திலேயே மேலே வந்துவிட்ட குடும்பம். 2000-த்தை ஒட்டித் தேயிலை விலை விழுந்தபோது பீர்மேட்டுப் பக்கம் பல எஸ்டேட்டுகள் மூடப்பட்டன. கூலி நின்றது, லயத்துக் (தொழிலாளர் வரிசை வீடு) கூரையை மாற்ற ஆளில்லை. அதையெல்லாம் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் ஆசிரமத்துக்குப் போவதாகச் சொன்னதும் முகம் மலர்ந்தது. "மாட்டுப் பண்ணை சாமியாருங்களா? அவங்களும் எங்கள மாதிரிதான் தம்பி. மழைன்னாலும் சாணி அள்ளணும்ல."

இனி ஆசிரமம். பெல்ஜியத்தில் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவு சபையில் இருந்த பிரான்சிஸ் மாகியு 1955-இல் இந்தியா வந்தவர், பிரான்சிஸ் ஆச்சார்யா என்று பின்னால் அறியப்பட்டவர். இங்கிலாந்திலிருந்து வந்த, பெனடிக்டின் என்ற இன்னொரு சபைத் துறவி பீட் கிரிஃபித்சும் அவரும் சேர்ந்து தொடங்கிய இடம் இது. திருவல்லா ஆயர் சக்கரியாஸ் மார் அத்தானாசியோஸ் அழைத்து வந்தார். வழிபாடு கேரளத்துக் கத்தோலிக்கத் திருச்சபைகளில் ஒன்றான சீரோ மலங்கரை முறைப்படி, சுரியானி மரபில். பீட் கிரிஃபித்ஸ் 1968-இல் நம்ம குளித்தலை சாந்திவன ஆசிரமத்துக்குப் போய்விட்டார். பிரான்சிஸ் ஆச்சார்யா 2002-இல் இறக்கும் வரை இந்த மலையை விடவில்லை. ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்கு நூல்தான் இவர்களுக்கு அடிப்படை. மொத்தம் 73 சின்னச் சின்ன அதிகாரங்கள். எத்தனை சங்கீதம் (பைபிள் பாட்டு) பாட வேண்டும் என்பதும் அதில் உண்டு, அடுக்களை முறை முடிந்தவர் பாத்திரத்தை எப்படித் திருப்பித் தர வேண்டும் என்பதும் உண்டு.

விடியற்காலை ஜெபத்துக்கு எழுந்தோம். குளிர் எலும்பு வரை. தரையில் உட்கார்ந்து, குத்துவிளக்கு வெளிச்சத்தில் பாடுகிறார்கள். மலையாளம் பாதி புரிந்தது, மீதி புரியாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

சாப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். குத்தரிசிக் கஞ்சி, தேங்காய் அரைத்துப் போட்ட சிறுபயறு, சுட்ட பப்படம், ஒரு கைப்பிடி சம்மந்தி (கேரளத்துத் துவையல்). அவ்வளவுதான். கஞ்சியின் சூட்டோடு சம்மந்தியைக் கரைத்து ஒரு வாய் வைத்ததும் நண்பன் என்னைத் திரும்பிப் பார்த்தான், பேச முடியாது, பேசாமல்தான் சாப்பிட வேண்டும். ஏதாவது வேண்டுமென்றால் சைகை காட்டிக் கேள் என்று பெனடிக்ட் எழுதியே வைத்திருக்கிறார். எனக்கு உப்பு வேண்டும் என்று விரலைத் தேய்த்துக் காட்டுவதற்குள் எதிரே இருந்த வயதான துறவி கிண்ணத்தை நகர்த்திவிட்டார். பேச்சு இல்லாத பந்தியில் அடுத்தவன் இலையைப் பார்க்கிற பழக்கம் தானாக வருகிறது. கம்பத்து ஓட்டல்களில் நூற்றைம்பது ரூபாய் கொடுத்துச் சாப்பிடும் மீல்ஸ் இதற்குப் பக்கத்தில் வர முடியாது.

நான் இவ்வளவு எழுத உட்கார்ந்த காரணம் மாட்டுக் கொட்டகையில் பார்த்த ஒரு விஷயம். பார்க்கலாமா என்று கேட்டோம், வாங்க என்றார்கள். இளம் துறவி ஒருவர் தீவனப்புல்லை மெஷினில் கொடுத்து நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கட்டுப் புல்லில் பாதி உள்ளே போயிருந்தது, மீதிப் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மணி அடித்தது. சுவிட்சை அணைத்தார். நீட்டிக்கொண்டிருந்த புல்லை உள்ளே தள்ளவும் இல்லை, உருவி எடுக்கவும் இல்லை. அரிவாளை ஆணியில் மாட்டினார், குழாயில் காலைக் கழுவினார், போய்விட்டார்.

நான் அச்சு பிரஸ்காரன். முகூர்த்த மாதத்தில் ஓடுகிற மெஷினை நிறுத்துவது என்றால் எங்களுக்கு உயிர் போகிற காரியம். "இன்னும் ஐந்நூறு ஷீட்தான், முடிச்சுட்டு வர்றேன்" என்று வீட்டுக்குப் போனில் சொல்லாத பிரஸ்காரன் உண்டா? அந்தப் பாதிக் கட்டுப் புல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இன்னும் அரை நிமிஷம் ஓட்டியிருந்தால் முடிந்திருக்குமே!

ஜெபம் முடிந்து அவர் திரும்பி வந்ததும் கேட்டேவிட்டேன். "பிரதர், அந்த ஒரு கட்டை முடிச்சிட்டுப் போகக் கூடாதா?"

"அதை முடிச்சா அடுத்த கட்டு கூப்பிடும் சேட்டா (அண்ணா)" என்றார்.

"கறவைக்கு நடுவுல மணி அடிச்சா?"

"கறவை முடியுற நேரம் பாத்துத்தான் மணி வெச்சிருக்கோம். பசு காத்திருக்காது."

இது அவர் சொந்தமாகச் சொன்ன பதில். ஆனால் ஒழுங்கு நூலிலும் இதே தெளிவு இருக்கிறது. 5-ஆம் அதிகாரம், கையில் இருப்பதை அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போ என்கிறது. 43-ஆம் அதிகாரம், மணி கேட்டதும் விரைந்து வா, ஆனால் கூத்தடிக்காமல் வா என்கிறது. ஜெபத்துக்கு முன்னால் வேறு எதையும் வைக்காதே என்பதும் அங்கேதான். 50-ஆவது, தூரத்தில் வேலை செய்பவன் அங்கேயே மண்டியிட்டு ஜெபிக்கட்டும் என்கிறது. வேலையைக் கேவலமாகப் பார்ப்பவர் எழுதிய சட்டம் இல்லை இது. சோம்பல் ஆன்மாவுக்கு எதிரி என்று எழுதியவரும் இவர்தான். மடத்துத் தட்டுமுட்டுச் சாமான்களைப் பீடத்துப் பாத்திரம் போல நடத்து என்று 31-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அதைக் கொட்டகையில் கண்ணால் பார்த்தேன். பால் கேனின் கழுத்து மடிப்புக்குள் விரலை விட்டு, வெந்நீர் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்துக் கவிழ்க்கிறார்கள்.

அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்கிற வேலையையும் மணி கேட்டதும் பாதியில் விடுகிறார்கள். எனக்குத் தெரிந்து துறவில் கடினமான பகுதி இதுதான். விடியுமுன் எழுவது பழகிவிடும். பேசாமல் இருப்பதும் பழகிவிடும். முடியாத வேலையை முடியாமலே வைத்துவிட்டு, முகத்தில் எரிச்சல் இல்லாமல் நடந்து போவது எளிதில் பழகாது. நான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று நாம் நினைக்கிற வேலையை, ஒரு நாளைக்கு ஏழு தடவை கையிலிருந்து பிடுங்கிக் கடவுளிடம் கொடுப்பது மாதிரி அது.

திரும்பும் வழியில் நண்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு என்னடா, இ.எம்.ஐ-யா, வட்டியா? மணி அடிச்சா போகலாம்." நான் விடவில்லை. அவர்களுக்கும் பால் கெட்டுப் போகும், மாட்டுக்குக் காய்ச்சல் வரும், மழைக்குள் புல் அறுத்தாக வேண்டும். குட்டிக்கானம் வரை சண்டை. அவன் சொன்ன ஒன்றை மட்டும் ஒதுக்க முடியவில்லை: பஸ்ஸில் வந்த அந்த அம்மாவுக்கு எஸ்டேட்டில் அடித்ததும் மணிதான், அது வேலைக்கு மட்டும் கூப்பிட்ட மணி. அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: தங்குவதாக இருந்தால் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கிக்கொண்டு போங்கள், அது லாட்ஜ் கிடையாது. எங்களிடம் தொகை எதுவும் சொல்லவில்லை, எங்களால் முடிந்ததைக் கவரில் வைத்துக் கொடுத்தோம். பஸ், வழிச் சாப்பாடு, கவர் எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கும் கொண்டுபோன மூவாயிரத்துக்குள் முடிந்தது. ஸ்வெட்டர் கட்டாயம். ஜூனில் மழை பிடித்தால் அட்டை ஏறும். பக்கத்திலேயே முருகன் மலையும் தங்ஙள் பாறையும் இருக்கின்றன, நேரம் இருந்தால் குரிசுமலையோடு சேர்த்து மூன்றையும் பாருங்கள். பெரிய வெள்ளியன்று குரிசுமலைச் சிகரத்துக்குச் சிலுவைப் பாதை ஏறும் கூட்டம் சொல்லி மாளாது. அமைதிக்காகப் போகிறவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.