வக்கீல் ஐயா

எங்க வக்கீல் ஐயா நேத்து ராத்திரி தவறிட்டாருங்க. மனசு ஆறவே மாட்டேங்குது.

ஏற்காட்டுல இருந்து பஸ் ஏறி அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு வர்ற எஸ்டேட் பொம்பளைங்க கையில கசங்கின காகிதத்தோட நின்னா, ஜூனியரை அனுப்ப மாட்டார். அவரே எழுந்து போவார். "ஃபீஸை நெனச்சுப் பயப்படாத தாயி. 1987-லயே சட்டம் வந்தாச்சு. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு"ன்னு சொல்லி, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பார்.

அப்பா விபத்துல போனப்ப எங்க இழப்பீட்டு வழக்கை நடத்தினதும் அவர்தான். இங்கிலீஷ் மனுவை வரிவரியா தமிழ்ல சொல்லி, அம்மாவுக்குப் புரிஞ்ச பிறகுதான் கையெழுத்து வாங்கினார். அந்தப் பொறுமை யாருக்கு வரும்!

இன்னிக்குச் சாயங்காலம் 4 மணிக்கு எடுக்கிறாங்க. தெரிஞ்சவங்க வீட்டுக்கு வந்து பாத்துடுங்க.